பேஸ் மால்ட் கெட்டுவிட்டதா? மென்று, முகர்ந்து, ஊறவைத்துப் பார்ப்பது எப்படி

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் "ஃப்ரெஷ் மால்ட்தான் வேணும்" என்பார்கள். மால்ட் என்பது பீருக்காக முளைகட்டி உலர்த்திய தானியம். எதை வைத்து ஃப்ரெஷ் என்கிறீர்கள் என்று கேளுங்கள். ஒருவர் மூட்டை மேல் இருக்கும் தேதியைச் சொல்வார். இன்னொருவர் வாசனை என்பார். மூன்றாமவர், "நாலு மணியை வாயில் போட்டால் தெரிந்துவிடும்" என்பார். மூவரும் பேசுவது மூன்று வெவ்வேறு விஷயங்களை. போதாததற்கு, பீர் சப்பென்று வந்தால் உடனே மால்ட் பழசு என்று பழி போடுவதும் வழக்கம். பல சமயம் அந்த மால்ட் பழசே இல்லை; அதன் ரகமே அப்படி மென்மையானது.

இந்தக் குழப்பத்தைப் பிரித்துவைக்கத்தான் இந்தக் கட்டுரை. முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம். பிரிட்டனில் 1963-இலிருந்து சொந்த உபயோகத்துக்கு உரிமம் தேவையில்லை. கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலும் வீட்டில் காய்ச்ச அனுமதி உண்டு. இது அங்கெல்லாம் இருப்பவர்களுக்காக எழுதியது. மற்றவர்கள் ஒரு தானியத்தைப் பற்றிய கட்டுரையாகப் படிக்கலாம்.

அரிசிக் கடையில் நாம் செய்யாத தவறு

அரிசி வாங்கும்போது நாம் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகத்தான் கேட்கிறோம். பொன்னியா, இட்லி அரிசியா? அது ரகம். புதுசா, பழசா? அது வயது. புது அரிசி குழைந்துவிடும் என்று பழைய அரிசிக்கு அதிக விலை கொடுக்கிறோம். மூட்டையில் வண்டு இருக்கிறதா, மக்கல் வாடை அடிக்கிறதா? அது வைத்திருந்த விதம். இட்லி அரிசியில் வடித்த சோறு பிடிக்கவில்லை என்றால் "அரிசி கெட்டுப்போச்சு" என்று யாரும் சொல்வதில்லை. பழைய அரிசி என்பதற்காகவே தூக்கி எறிவதும் இல்லை.

மால்ட்டுக்கும் இதே மூன்று கேள்விகள்தான். ரகம் என்ன, வயது என்ன, எப்படி வைத்திருந்தார்கள்? ஃப்ரெஷ் என்ற ஒரே சொல் மூன்றையும் மூடிவிடுகிறது. என் கணிப்பில் மூன்றாவது கேள்விதான் மற்ற இரண்டையும்விடப் பெரியது. அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

மால்ட் எப்படி உருவாகிறது

குழந்தைக்குக் கஞ்சி மாவு செய்யக் கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து அரைக்கிறோம் அல்லவா? அதேதான். பீருக்குப் பெரும்பாலும் பார்லி. ஹார்லிக்ஸ் டப்பாவைத் திறந்ததும் வரும் வாசனையில் மால்ட் செய்த பார்லிக்கு நல்ல பங்கு உண்டு என்பதால் நமக்கு இது அந்நிய வாசனை அல்ல.

பார்லியை ஈரப்பதம் சுமார் 45 சதவீதம் ஆகும்வரை விட்டுவிட்டு ஊறவைப்பார்கள். பிறகு நாலு முதல் ஆறு நாள், குளிர்ந்த இடத்தில் கிளறிக்கொண்டே முளைக்க விடுவார்கள். முளைக்கும் விதை தனக்குள் இருக்கும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிச் சாப்பிட வேண்டும். அதற்கான நொதிகளை அது தயார்ப்படுத்துகிறது. நொதி என்பது வேதிவினையை வேகப்படுத்தும் புரதம். கத்தரிக்கோல் மாதிரி வெட்டும் வேலையைச் செய்யும் இரண்டு நொதிகள் பீருக்கு முக்கியம்: ஆல்ஃபா அமிலேஸ், பீட்டா அமிலேஸ். நொதி தயாராகி, மாவுச்சத்து இன்னும் செலவாகாமல் இருக்கும் அந்தக் கட்டத்தில் சூடான காற்றில் உலர்த்தி முளைப்பதை நிறுத்திவிடுவார்கள். கடைசியில் ஈரம் 4, 5 சதவீதத்துக்கு வந்துவிடும்.

பிற்பாடு காய்ச்சுகிறவர் அந்த மால்ட்டை உடைத்து, சுமார் 62 முதல் 70 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஊறவைப்பார். இதற்குப் பெயர் மாஷ். தூங்கிக்கிடந்த நொதிகள் விழித்து மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். அந்த இனிப்பு நீர்தான் வோர்ட். ஈஸ்ட் அதைப் புளிக்கவைத்தால் பீர்.

தன் மாவுச்சத்து முழுவதையும் தானே சர்க்கரையாக்கப் போதுமான நொதி உள்ள மால்ட்டைத்தான் பேஸ் மால்ட் என்கிறோம். ஒரு பீருக்கான தானியத்தில் பெரும்பகுதி இதுதான். சில பீர்களில் முழுவதும் இதுவே. கருக வறுத்த மால்ட்டுகளில் நொதி மிஞ்சுவதில்லை; அவை நிறத்துக்கும் மணத்துக்கும் ஒரு கை சேர்ப்பதற்குத்தான்.

ரகத்தின் சுவை வேறு, கெட்ட சுவை வேறு

பேஸ் மால்ட்டின் சுவையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கடைசிக் கட்ட உலர்த்தும் சூடு. பில்ஸ்னர் மால்ட் 80 முதல் 85 டிகிரியில் முடிந்துவிடும். முகர்ந்தால் வைக்கோல், கொஞ்சம் தேன், அவ்வளவுதான். பேல் ஏல் மால்ட்டுக்குச் சூடு கூடுதல். பிஸ்கட் வாசனை தெரியும். வியன்னா மால்ட்டில் லேசாகச் சுட்ட ரொட்டி. 100 டிகிரியைத் தாண்டி உலர்த்தும் மியூனிக் மால்ட்டில் ரொட்டியின் மேலோட்டு வாசனை அழுத்தமாக இருக்கும். சூட்டில் அமினோ அமிலமும் சர்க்கரையும் சேர்ந்து நிறத்தையும் மணத்தையும் உண்டாக்கும் மெய்லார்டு வினைதான் இதற்கெல்லாம் காரணம்.

சூட்டைக் கையாளும் இந்த வித்தை ஒருகாலத்தில் வணிக ரகசியம். வியன்னாவின் அன்டன் ட்ரேயர், மியூனிக்கின் காப்ரியல் செடில்மாயர் என்ற இரண்டு பீர் ஆலைக்காரர்கள் 1830களில் பிரிட்டிஷ் பீர் ஆலைகளைச் சுற்றிப்பார்க்கப் போனார்கள். துளையிட்ட கைத்தடிக்குள் வோர்ட்டைத் திருட்டுத்தனமாகப் பிடித்துவந்து விடுதி அறையில் சோதித்தார்களாம். ஊர் திரும்பிய பின் 1841-இல் ட்ரேயர் வெளியிட்ட வியன்னா லாகர் என்ற பீர் வகை, உலர்த்தும் முறையில் அங்கே கற்றதை வைத்து வந்தது.

பார்லி ரகத்துக்கும் பங்கு உண்டு. கேம்பிரிட்ஜில் உருவாகி 1960களில் வந்த மாரிஸ் ஆட்டர் இன்றும் ஏல் என்ற பிரிட்டிஷ் பீர் வகையைக் காய்ச்சுபவர்களின் செல்லம். ஏக்கருக்கு அதைவிட அதிகம் விளையும் ரகங்கள் வந்து எவ்வளவோ காலம் ஆகியும், சுவைக்காகக் கூடுதல் விலை கொடுத்து அதைப் பயிரிட வைக்கிறார்கள். விசுவாசிகள் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் பெரியதா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அதே பார்லியை வேறு சூட்டில் உலர்த்தினால் வரும் வித்தியாசம் இதைவிடப் பெரிது.

பில்ஸ்னர் மால்ட்டைப் பற்றி இன்னொரு குழப்பம். அதில் காய்ச்சிய வோர்ட்டில் சில சமயம் வேகவைத்த மக்காச்சோள வாசனை வரும். டைமெத்தில் சல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மத்தின் வாசனை அது. மால்ட் கெட்டதன் அடையாளம் அல்ல. முளைக்கும்போது உருவாகும் ஒரு மூலப்பொருள், சூட்டில் இந்தச் சேர்மமாக மாறும். பில்ஸ்னர் மால்ட்டை மிதமாக உலர்த்துவதால் அந்த மூலப்பொருள் அதில் நிறைய மிஞ்சுகிறது. பாத்திரத்தை மூடாமல் நன்றாகக் கொதிக்கவிட்டால் ஆவியோடு போய்விடும். பழைய சமையல் குறிப்புகள் பில்ஸ்னர் மால்ட்டுக்கு 90 நிமிடக் கொதி என்று சொல்வது அதனால்தான்.

சரி, இதுவரை வந்ததைச் சுருக்கினால்: மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி. பேஸ் மால்ட்டில் நொதி உயிரோடு இருக்கும். மென்மையாக இருப்பது ஒரு ரகத்தின் குணமாக இருக்கலாம். அதைக் கெட்டதன் அறிகுறியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதல் எதிரி ஈரம்

4 சதவீத ஈரத்தில் இருக்கும் மால்ட், சுற்றியுள்ள காற்றிலிருந்து நீரை உறிஞ்சத் துடித்துக்கொண்டே இருக்கும். மூட்டையைத் திறந்து மடித்து வைத்தால் போதும், மழைக்காலத்தில் சில வாரங்களில் நமுத்துவிடும். ஈரம் 6 சதவீதத்தைத் தாண்டினால் நமுத்த மால்ட் என்று எடுத்துக்கொள்ளலாம்.

நமுத்தால் என்ன ஆகும்? ஒன்று, மணி நொறுங்காது. அரவை இயந்திரத்தில் போட்டால் உடையாமல் நசுங்கி வரும். மாவுச்சத்து சரியாக வெளியே வராது. இரண்டு, நீங்கள் தண்ணீரை எடைபோடுகிறீர்கள். 5 கிலோ மால்ட்டில் 4 சதவீதம் என்றால் 200 கிராம் நீர். அது 8 சதவீதமானால் 400 கிராம். அதாவது 200 கிராம் மால்ட் குறைவாகப் போட்டிருக்கிறீர்கள், உங்களுக்கே தெரியாமல். "இந்த முறை சர்க்கரை அளவு குறைஞ்சிடுச்சு, நொதி செத்துப்போச்சு போல" என்று புலம்புகிறவர்களில் பலருக்கு நடந்தது இந்த இரண்டும்தான். மூன்று, ஈரம் ஏற ஏறப் பூஞ்சணமும் பூச்சியும் வரும். நொதிகளும் மெல்ல வலுவிழக்கும்.

உலர்ந்த, உடைக்காத மால்ட்டில் நொதி அவ்வளவு சுலபமாகச் சாவதில்லை. குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் காற்றுப் புகாமல் வைத்தால் ஒரு வருடத்துக்கு மேலும் தாராளமாக வேலை செய்யும். நொதியைப் பற்றி உண்மையிலேயே சந்தேகம் வந்தால் சிறிதளவு மால்ட்டை உடைத்து 66 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, உமி சேராமல் எடுத்த தெளிந்த நீரில் ஒரு துளி அயோடின் விட்டுப்பாருங்கள். மாவுச்சத்து மிச்சம் இருந்தால் நீலக்கறுப்பாகும். பழுப்பு நிறத்திலேயே நின்றால் நொதி தன் வேலையை முடித்துவிட்டது. பார்த்ததும் அந்தக் கோப்பையைக் கொட்டிவிடுங்கள்.

அடுத்த எதிரி ஆக்சிஜன். பார்லியில் கொஞ்சம் கொழுப்பு இருக்கிறது. அது காற்றோடு சேர்ந்து பாழாகும்போது காறல் வாடையும் காகித வாடையும் வரும். இதற்குத் துணைபோகும் லிப்பாக்சிஜனேஸ் என்ற நொதி அந்த மால்ட்டிலேயே இருக்கிறது. உமியும் மணியும் முழுதாக இருக்கும்வரை கொழுப்பும் காற்றும் அதிகம் சந்திப்பதில்லை. உடைத்த கணத்திலிருந்து அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. அதனால்தான் முழு மால்ட் ஒரு வருடம் நிற்கும் இடத்தில், உடைத்த மால்ட்டை மூன்று மாதத்துக்குள் முடித்துவிடச் சொல்கிறார்கள். மணத்துக்காகப் பார்த்தால் மூன்று வாரம் என்றே நான் சொல்வேன்.

ஆனால் ஒன்று. புட்டியில் அடைத்து மாதக்கணக்கில் வைத்த பீரில் அட்டைப்பெட்டி வாசனை வந்தால், உடனே மால்ட்டைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் அது புளித்து முடிந்த பிறகு, அடைக்கும்போது உள்ளே போன காற்றின் வேலை.

மூட்டைக்கு ஒரு தேதி போதாது

ஒரு மால்ட்டுக்கு மூன்று வயது உண்டு: பார்லி அறுவடையான தேதி, மால்ட் உலர்த்தி முடிந்த தேதி, உடைத்த தேதி. மூட்டையில் பொதுவாக இருப்பது இரண்டாவது அல்லது அதிலிருந்து கணக்கிட்ட காலாவதித் தேதி. சுவையை மிக வேகமாகப் பாதிப்பது மூன்றாவது. கடையில் உடைத்துக் கொடுத்தால் பையில் அந்தத் தேதியை நீங்களே எழுதிவையுங்கள்.

அறுவடைத் தேதி புதுசாக இருப்பதில் பெருமை ஒன்றும் இல்லை. அறுத்த உடனே பார்லி ஒழுங்காக முளைக்காது. விதை உறக்கம் கலையச் சில வாரங்களோ மாதங்களோ பிடிக்கும். அதேபோல உலர்த்திய சூட்டோடு வரும் மால்ட்டும் உதவாது. சூளையிலிருந்து இறக்கிய மால்ட்டை மூன்று, நாலு வாரம் கிடங்கில் ஆறப்போட்ட பிறகே ஆலைகள் விற்கும். ஆறாத மால்ட்டில் வோர்ட் கலங்கலாக வரும், வடியவும் தாமதமாகும் என்பது பழைய அனுபவம். புது அரிசி குழையும் கதையேதான்.

ஆக, மாதக்கணக்கு வயது கெடுதல் இல்லை. ஈரமும் காற்றும் சேர்ந்தால்தான் கெடுதல். உடைத்துவிட்டால் கடிகாரம் வேகமாக ஓடும்.

கை, மூக்கு, பல்

முதலில் ஒரு கைப்பிடி எடுத்துப் பாருங்கள். மாவு போல் தூள் நிறைய உதிர்கிறதா, ஓட்டை விழுந்த மணிகள் உண்டா? இருந்தால் வண்டு வந்துபோயிருக்கிறது. நூலாம்படை மாதிரி இழை தெரிந்தால் அந்துப்பூச்சி. இப்படிப்பட்டதைச் சல்லடையில் சலித்துப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. நான் செய்ய மாட்டேன். மால்ட்டுக்காக ஒரு நாள் உழைப்பைப் பணயம் வைப்பது லாபமில்லை.

அடுத்து மூக்கு. திறந்த மூட்டையில் முகர்வதைவிட, ஒரு மூடிபோட்ட கண்ணாடிச் சாடியில் பாதி நிரப்பி, பத்து நிமிடம் கழித்துத் திறந்து முகர்வது நல்லது. உலர்ந்த தானிய வாசனை, தேன், பிஸ்கட் என ரகத்துக்கு ஏற்றது வர வேண்டும். ஈரச் சாக்கு, மக்கல், காறல், இந்த மூன்றில் ஒன்று வந்தாலும் வேண்டாம். வாசனை மிக மெலிதாக இருந்தால் பழசாகியிருக்கலாம், அல்லது பில்ஸ்னர் மால்ட்டாக இருக்கலாம்.

அப்புறம் பல். நல்ல மால்ட் மணி, முன்பல்லில் வைத்துக் கடித்தால் நொறுக்கென்று உடையும்; உள்ளே சுண்ணக்கட்டி போல வெண்மையாகப் பொடியும். பல் அமுங்கி ரப்பர் மாதிரி வளைந்தால் நமுத்துவிட்டது. ஒரு நுனி மட்டும் கண்ணாடி போலக் கடினமாக இருந்தால் அது வயதின் குறை அல்ல. முளைப்பு மணியின் கோடிவரை போகவில்லை, அதாவது ஆலையின் குறை. ஒரு மணி அப்படி இருப்பது சகஜம். இருபது மணி கடித்து எத்தனை அப்படி என்று பாருங்கள்.

மென்றால் இனிக்கிறதே, அது நல்ல மால்ட்டின் அடையாளம் இல்லையா என்று கேட்பார்கள். முழுவதும் அப்படி நம்ப முடியாது. நம் உமிழ்நீரிலும் அமிலேஸ் இருக்கிறது. மாவுச்சத்து உள்ள எதை மென்றாலும் சற்று நேரத்தில் இனிப்பு வரும். பல்லால் கண்டுபிடிக்க முடிவது நொறுங்கும் தன்மையை. சுவையை அல்ல.

சுவைக்கு: ஹாட் ஸ்டீப்

சுவையை மதிப்பிட வெந்நீரில் ஊறவைக்க வேண்டும். ஹாட் ஸ்டீப் என்ற இந்த முறையை அமெரிக்க மதுவடிப்பு வேதியியலாளர் சங்கம் 2017-இல் தன் அதிகாரபூர்வ முறைகளில் சேர்த்துக்கொண்டது. ஆய்வகம் தேவையில்லை. காபிக் கொட்டை அரைக்கும் மிக்ஸியும் ஒரு தெர்மாஸ் குடுவையும் காபி வடிகட்டும் காகிதமும் போதும்.

50 கிராம் மால்ட்டை மாவாக அரைத்துக்கொள்ளுங்கள். 400 மில்லி நீரை 65 டிகிரிக்குச் சூடாக்கி தெர்மாஸில் மாவோடு சேர்த்து, மூடி 20 விநாடி நன்றாகக் குலுக்குங்கள். 15 நிமிடம் விட்டு, மறுபடி ஒரு சுற்று சுழற்றி, காகிதத்தில் வடிகட்டுங்கள். அறை வெப்பத்துக்கு ஆறியதும் சுவையுங்கள். நாலு மணி நேரத்துக்குள் சுவைத்துவிட வேண்டும். வோர்ட் சீக்கிரம் ஊசிவிடும்.

தனியாக ஒரு கோப்பையைச் சுவைத்து "பழசு" என்றோ "புதுசு" என்றோ தீர்ப்புச் சொல்வது பெரும்பாலும் கற்பனை. அதே ரகத்தில், முடிந்தால் அதே ஆலையின், புதிதாகத் திறந்த மால்ட் கொஞ்சம் வாங்கி இரண்டையும் ஒரே நேரத்தில் ஊறவையுங்கள். பிறகு மூன்று கோப்பை வையுங்கள்: இரண்டில் ஒன்று, மூன்றாவதில் மற்றது. எதில் எது என்று வீட்டில் வேறு யாராவது குறித்துக்கொள்ளட்டும். எது வேறுபட்டது என்று உங்களால் சொல்ல முடியாவிட்டால் உங்கள் பழைய மால்ட் உங்களுக்கு வேண்டிய அளவு நன்றாகத்தான் இருக்கிறது. தற்செயலாகச் சரியாகச் சொல்ல மூன்றில் ஒரு வாய்ப்பு இருப்பதால் சில முறை திரும்பச் செய்ய வேண்டும்.

பழசானதன் அடையாளமாக முதலில் தெரிவது கெட்ட வாசனையல்ல, நல்ல வாசனை இல்லாமல் போவது. பிஸ்கட்டும் தேனும் மங்கி, வெறும் இனிப்பு நீர் மிஞ்சும். அதன் பிறகுதான் காகிதம், காறல், நாக்கில் உலர்ந்த துவர்ப்பு எல்லாம். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: வோர்ட்டின் இனிப்பை ஈஸ்ட் தின்றுவிடும். கோப்பையில் சுவைத்தது அப்படியே பீரில் வராது. இனிப்பை ஒதுக்கிவிட்டு மணத்தைக் கவனிக்கப் பழகுங்கள்.

ஆலையின் பகுப்பாய்வுத் தாள்

பெரிய ஆலைகள் ஒவ்வொரு தொகுப்புக்கும் பகுப்பாய்வுத் தாள் வெளியிடும். அதில் ஏகப்பட்ட எண்கள். தொடக்கத்தில் ஈரப்பதம், நிறம் இரண்டை மட்டும் பாருங்கள். ஈரம் 5-க்குள் இருக்க வேண்டும். நிறத்தை ஈ.பி.சி. என்ற அளவில் சொல்வார்கள்: பில்ஸ்னர் 3, 4 அளவில் இருக்கும், மியூனிக் 15-க்கு மேல் போகும். அந்த எண்கள் ஆலையில் எடுத்தவை. உங்கள் வீட்டு அலமாரியில் நடந்தது அதில் இருக்காது.

நமுத்ததைக் காப்பாற்றலாமா?

ஈரத்தை வீட்டிலேயே அளக்கலாம். 100 கிராம் மால்ட்டை அரைத்து, தட்டில் பரப்பி, 105 டிகிரி ஓவனில் மூன்று மணி நேரம் வைத்து மறுபடி எடைபோடுங்கள். குறைந்த ஒவ்வொரு கிராமும் ஒரு சதவீதம். 5 குறைந்தால் நிம்மதி. 7, 8 என்றால் நமுத்தது உறுதி. சோதித்த மாவு காய்ச்சுவதற்கு ஆகாது, அந்தச் சூட்டில் நொதி போயிருக்கும்.

வெறுமனே நமுத்து, கெட்ட வாசனை இல்லாத மால்ட் என்றால் 50 டிகிரிக்குச் சற்று மேல் வைத்து, அடிக்கடி கிளறி உலர்த்தினால் மொறுமொறுப்பு திரும்பும். மணம் திரும்பாது. பூஞ்சணம் கண்டால் யோசிக்காமல் கொட்டுங்கள்.

வைப்பதற்கு ரப்பர் வளையம் போட்ட மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி போதும். ஓரளவு குளிர்ந்த இடம், வெயில் படாத மூலை. பூச்சி பயம் இருந்தால் மால்ட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்தால் முட்டையும் புழுவும் சாகும். எடுத்ததும் உடனே திறந்துவிடாதீர்கள். டப்பா முழுக்க அறை வெப்பத்துக்கு வரட்டும். இல்லாவிட்டால் குளிர்ந்த மணிகள் மேல் காற்றின் ஈரம் நீராகப் படிந்து, நல்ல மால்ட்டை நீங்களே நமுக்க வைத்ததாகிவிடும்.